மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருக்கும் தோழிக்கு என்ன கொண்டுபோகலாம்?

ரத்தப் புற்றுநோய் வார்டுக்குள் பூ போகாது. மல்லிகைச் சரமானாலும் சரி, கடையில் கட்டித் தரும் பொக்கேயானாலும் சரி, வாசலில் நிற்கும் செக்யூரிட்டியே வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். பழக்கூடைக்கும் அதே கதிதான். திராட்சை, நறுக்கிய பப்பாளி, ஜூஸ் கடையில் பிழிந்த சாத்துக்குடி எதுவும் கூடாது. கோயில் தீர்த்தமும் பஞ்சாமிர்தமும் கூடாது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் நம் ஊரில் வழக்கமாக என்னவெல்லாம் இருக்குமோ, அதில் முக்கால்வாசி அந்த வாசலோடு நின்றுவிடும். ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் உள்ளே போகும். அதனால் என் தோழியின் கட்டிலுக்கு அடியில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் சேர்ந்துகொண்டே போயின. வாய் முழுக்கப் புண் வந்திருந்த அந்த நேரத்தில் அவளுக்கு அந்த வாசனையே பிடிக்கவில்லை.

அவள் கோவில்பட்டிக்காரி. நானும் அந்த ஊர்தான், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அக்யூட் மைலாய்டு லுக்கேமியா என்று தெரிந்ததும் அவளைச் சென்னைக்கு அழைத்து வந்தார்கள். நான் தாம்பரத்தில் இருப்பதால், அவள் வீட்டுக்காரருக்கும் அம்மாவுக்கும் அடுத்தபடியாக அந்த வார்டுக்கு அதிகம் போய்வந்தது நான்தான். தெரிந்தவர் யாராவது நீண்ட நாள் அட்மிஷனில் இருந்தால் என்ன வாங்கிப் போகலாம் என்று இப்போது என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கட்டுப்பாட்டுக்கான காரணம். இந்த நோய்க்கான முதல் கீமோவில் ஒரு மருந்து ஏழு நாள் போகும், அதோடு சேர்த்துச் சிவப்பாக இருக்கும் இன்னொரு மருந்து மூன்று நாள் போகும். அதன் பிறகு வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். மறுபடி ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். வார்டில் இதற்குக் 'கவுண்ட்' என்று பெயர். காலையில் காபிக்கு முன்னால் எல்லாக் கட்டில் பக்கமும் கேட்கும் பேச்சு, "கவுண்ட் எவ்வளவு வந்துச்சு?" என்பதுதான். கவுண்ட் இல்லாத உடம்பில், நம்மை ஒன்றும் செய்யாத சாதாரணக் கிருமிகூட உயிருக்கு ஆபத்தான காய்ச்சலாக மாறும். பூச்சாடித் தண்ணீரில் பாக்டீரியா இருக்கும், தொட்டி மண்ணில் பூஞ்சை இருக்கும், கழுவாத பழத்தோலிலும் இருக்கும். துவைக்க முடியாத பஞ்சு பொம்மை, பரணிலிருந்து எடுத்த பழைய புத்தகம் இவையும் அதே வகைதான்.

ஆனால் எல்லா வார்டுக்கும் ஒரே சட்டம் இல்லை. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவருக்கு இளநீரும் வாழைப்பழமும் கொண்டுபோவது தவறு. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பைக் கெடுக்கும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவருக்குப் பம்பளிமாஸ் ஆகாது, அவர் சாப்பிடும் மாத்திரையின் அளவு ரத்தத்தில் தாறுமாறாக ஏறிவிடும். கால் எலும்பு முறிந்து கம்பி கட்டிப் படுத்திருப்பவருக்குப் பெரும்பாலும் எதைச் சாப்பிட்டாலும் பிரச்சினை இல்லை, கைக்கு எட்டும் தூரம்தான் அவருடைய பிரச்சினை. கட்டில் கம்பியில் மாட்டும் ஒரு துணிப்பை அவருக்குப் பெரிய உதவி. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னால் கூட இருப்பவரிடம் ஒரு போன் போட்டு, "சிஸ்டர்கிட்ட இது சரியான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று கேட்டுவிட வேண்டும். நோயாளியிடமே கேட்டால் "ஒண்ணும் வேண்டாம், நீ வந்தாலே போதும்" என்பார்கள். அதை நம்பி வெறுங்கையோடு போகவும் முடியாது, எதையாவது வாங்கிப் போகவும் முடியாது.

சின்னச் சாமான்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ப்ளக் பாயின்ட் தலைமாட்டுக்குப் பின்னால் எங்கோ இருக்கும், அதனால் நீளமான சார்ஜர் ஒயர். ராத்திரி மானிட்டர் சத்தமும் விளக்கும் ஓயாது, அதற்குக் காதடைப்பானும் கண்பட்டையும். ஏசி குளிருக்கு வழுக்காத சாக்ஸ். வெடித்த உதட்டுக்கு வாசனை இல்லாத வாசலின். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது சின்னக் கீறலும் நிற்காமல் ரத்தம் கசியும் என்பதால் நகவெட்டிக்குப் பதில் நகம் தேய்க்கும் அட்டை, குழந்தைகளுக்கு விற்கும் மென்மையான டூத் பிரஷ். கீமோவுக்குப் பிறகு பலருக்கு எஃகு ஸ்பூன் வாயில் இரும்பு மாதிரி ருசிக்கும், பீங்கான் ஸ்பூன் ஒன்று கொடுத்தால் அதே கஞ்சி இறங்கும். முடி உதிர ஆரம்பித்தபோது கம்பளித் தொப்பி நிறைய வந்தது, எல்லாம் அரித்தது. அவள் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை வெட்டி, ஓரம் அடித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்துக் கொடுத்தோம். பல வருடம் துவைத்த பருத்தி அவ்வளவு மெத்தென்று இருந்தது. தலையில் கட்டியது கடைசி வரை அதைத்தான்.

நைட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் மருந்து ஏற்றுவதற்காக வலது மேல்கையில் 'பிக் லைன்' என்று ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தியிருந்தார்கள். அதில் நாள் முழுக்க டிரிப் ஓடும். தலைவழியாகப் போடும் சாதாரண நைட்டியை மாற்ற வேண்டுமென்றால் டிரிப்பை நிறுத்தி, குழாயைக் கழற்றி, மறுபடி மாட்ட வேண்டும். அதற்கு ஒரு சிஸ்டர் வந்து நிற்க வேண்டும். ஆஸ்பத்திரி கவுன் பின்பக்கம் திறப்பு. அதைப் போட்டுக்கொண்டு டிரிப் ஸ்டாண்டைத் தள்ளியபடி பாத்ரூம் போவதற்குள் அவள் கூனிக் குறுகிப் போவாள்.

எங்கள் தெருவில் தைக்கும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். தொளதொளவென்ற காட்டன் நைட்டி இரண்டை எடுத்து, முன்பக்கம் கழுத்திலிருந்து இடுப்பு வரை பிரித்து ஜிப் வைத்தார். வலது கையைத் தோளிலிருந்து நுனி வரை மேல்பக்கமாகப் பிரித்து, இரண்டு பக்கமும் பட்டி வைத்து டிச் பட்டன் அடித்தார். பட்டனின் அடிப்பக்கம் தோலில் படாமல் இருக்க உள்ளே ஒரு துணி. டிரிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டனை எடுத்துவிட்டால் கை தனியாக வந்துவிடும், குழாயைத் தொடவே வேண்டாம். இடது பக்கம் போன் வைக்க ஒரு பாக்கெட். பெட்டாடின் கறை தெரியாத அடர்ந்த மெரூன், கருநீலம். புதுத்துணியின் கஞ்சி போக நன்றாக அலசி, இஸ்திரி போட்டுக் கொண்டுபோனோம். போட்டுப் பார்த்தவள், "ஏட்டி, நானா மாத்திக்கிட்டேன், யாரும் வரல" என்றாள். பக்கத்துக் கட்டில் அக்காவும் அளவு கொடுத்தனுப்பினார்.

அந்த "நானா" என்ற சொல்லில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருப்பவர் விடிந்ததிலிருந்து படுக்கும் வரை வாங்கிக்கொண்டே இருக்கிறார். மருந்து, ஊசி, சாப்பாடு, அறிவுரை, அனுதாபம், பரிசு எல்லாமே அவரை நோக்கி வருகின்றன. எப்போது எழுவது, எப்போது குளிப்பது, என்ன சாப்பிடுவது, யாரைப் பார்ப்பது எதுவும் அவர் முடிவு இல்லை. அவர் கையால் ஒன்றைச் செய்யவோ, அவர் வாயால் ஒன்றை முடிவு செய்யவோ இடம் கொடுக்கும் பொருள்தான் அங்கே உண்மையான பரிசு. என் தோழிக்கு அப்படிக் கிடைத்தவற்றில் மிகச் சிறந்தது, ஸ்டேஷனரி கடையில் மலிவாகக் கிடைக்கும் நோட்டு லேபிள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரம். அவள் பையன் நான்காம் வகுப்புக்குப் போகிறான், ஊரில் ஆச்சியோடு இருக்கிறான். எங்கள் கூடப் படித்த இன்னொருத்தி அங்கே டீச்சராக இருக்கிறாள். நோட்டு வாங்கி பிரவுன் அட்டை போடும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். லேபிளை மட்டும் அம்மா எழுதட்டும் என்று அவள்தான் யோசனை சொன்னாள். புது லேபிள் அட்டையும் இரண்டு பேனாவும் வாங்கி, பேனாவை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொண்டுபோனேன்.

சாப்பாட்டு மேசையைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். கை நடுங்கியது. நான்கு எழுதுவாள், சாய்ந்துகொள்வாள். 'கணக்கு' என்பதில் கடைசி எழுத்து கோணிவிட்டது என்று அந்த லேபிளைக் கிழித்துவிட்டு இன்னொன்றில் எழுதினாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. "கணக்கு நோட்டுக்கு நீலக் கட்டம் போட்டதுதான் ஒட்டணும். அவன் எழுத்தைப் பாக்க மாட்டான், கலரைத்தான் பாப்பான்" என்று டீச்சருக்கு உத்தரவு போனது. இரண்டாவது பக்கத்து லேபிள்களை ஒருநாள் காய்ச்சல் வந்து தள்ளிவைத்தாள், காய்ச்சல் விட்டதும் அவளாகவே எடுத்தாள். ரத்தம் எடுக்க வந்த தம்பி, "அக்கா ஹோம்வொர்க் எழுதுறாங்க, அப்புறம் வரேன்" என்று அடுத்த கட்டிலுக்குப் போனான். அங்கே அவளுக்காக ஒருவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

கூரியரில் போனவை ஒட்டப்பட்டு, நோட்டுகளை அடுக்கி வைத்த போட்டோ வந்தது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகு நாங்கள் பரிசு தேடுவதே மாறிவிட்டது. பையனின் ஸ்கூல் பை வீடியோ காலில் அவள் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. என் மகளின் பாவாடைத் துணிக்கு எந்த பார்டர் என்று கடையிலிருந்தே கேட்டேன், கறாராகச் சொன்னாள். மாத மளிகை லிஸ்ட்டை மறுபடி அவளே எழுத ஆரம்பித்தாள். ஆளுக்கு ஆள் இது மாறும். கடை வைத்திருப்பவருக்குக் கணக்கு நோட்டு, சமைப்பவருக்கு ஊறுகாய்ப் பக்குவம் கேட்கும் ஒரு போன் என்று அவரவர் வாழ்க்கையிலிருந்து எடுக்க வேண்டும்.

படிக்கப் புத்தகம் கொடுக்க நினைப்பவர்கள் உண்டு. கீமோ நாட்களில் ஒரு பத்தியைத் தாண்டிக் கண் போகாது, நாவல் எல்லாம் அப்படியே இருக்கும். காதால் கேட்பது எளிது. டீச்சர் தோழி பள்ளி விட்டு நடந்து போகும்போதே வாய்ஸ் நோட் போடுவாள். பின்னால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர், "சாத்தூர், விருதுநகர், மதுரை" என்று கூவுவது கேட்கும். மிட்டாய்க் கடையைத் தாண்டும்போது வெல்லப்பாகு வாசனை என்பாள். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை இன்னும் பெருமையாகப் பேசும் ஊர் அது. வேர்க்கடலை அப்போது அவளுக்குக் கூடாது, வாய்ப்புண்ணில் கடிக்கவும் முடியாது. ஆனால் அந்தக் கடைத்தெருவைக் கேட்க அவளுக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு வாய்ஸ் நோட்டும் "பதில் போடாதே, தூங்கு" என்று முடியும். அந்த ஒரு வரியைச் சேர்க்க எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும். "எப்படி இருக்கே?" என்று வரும் ஐம்பது மெசேஜுக்கு நோயாளி பதில் எழுதிக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

துணைக்கு இருப்பவரை மறந்துவிடக் கூடாது. அவள் அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் துண்டை விரித்துப் படுத்தார். வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் ஒரு ரூம் எடுத்து, பில் கவுண்டருக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கும் நடந்துகொண்டே இருந்தார். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொன்னால் இருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "செவ்வாயும் வெள்ளியும் அழுக்குத் துணி எடுக்க வரேன்" என்று சொன்னதும் பையைக் கட்டி வைத்தார்கள். வெந்நீரில் துவைத்து, இஸ்திரி போட்டு, புதுக் கவரில் வைத்துக் கொடுப்பேன். "அம்மா, நீங்க ரூமுக்குப் போய்க் குளிச்சுத் தூங்கிட்டு வாங்க" என்றால் "இருக்கட்டும் கண்ணு" என்பார். "அம்மா, நான் ஆறு மணி வரைக்கும் இங்கதான், இந்தாங்க ரூம் சாவி" என்றால் போவார். வார்டுக்குள் ஒரே ஒரு துணைதான் என்பதால், நாம் உள்ளே இருப்பதே அவருக்கு விடுதலை.

பணம் கொடுக்கலாமா என்று தயங்குவார்கள். கொடுக்கலாம், எதற்கு என்று சொல்லிக் கொடுத்தால் வாங்குபவருக்குக் கூச்சம் இருக்காது. "இந்த வார ரூம் வாடகை எங்க கணக்கு" என்று எங்கள் வகுப்புத் தோழிகள் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். ஆட்டோவுக்கும் டீக்கும் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஒரு கவர் வைத்துவிட்டு வந்த ஒருத்தியை அவள் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த நோயில் ஒரு பரிசு இருக்கிறது, அதைக் கடையில் வாங்க முடியாது. தட்டணுக்கள் சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை, கீமோவுக்குப் பிறகு பத்தாயிரத்துக்கும் கீழே போகும். அப்போது தட்டணு ஏற்றியாக வேண்டும். எடுத்த தட்டணு 5 நாள்தான் தாங்கும், அதுவும் 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் இடைவிடாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்துச் சேமிக்க முடியாது. ஆகவே ஒரே நாளில் இருபது பேர் வந்து நிற்பதால் பயனில்லை, ஆளுக்கொரு தேதி வேண்டும். மெஷின் வழியாகத் தட்டணு மட்டும் கொடுக்க ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். மீதி ரத்தம் உடம்புக்கே திரும்பிவிடும். 48 மணி நேர இடைவெளியில்கூட மறுபடி கொடுக்கலாம், வருடத்துக்கு அதிகபட்சம் 24 முறை. கொடுப்பதற்கு முந்தைய மூன்று நாள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. அவள் அண்ணன் முதல் ஆளாகக் கையை நீட்டினார், டாக்டர் வேண்டாம் என்றார். பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டி வந்தால் உடன்பிறந்தவர் மஜ்ஜை பொருந்தக்கூடும், அவர் ரத்தத்தை இப்போதே ஏற்றிவிட்டால் அவளுடைய உடம்பு அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று விளக்கினார். இந்த இடத்தில் நண்பர்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். யார் எந்தத் தேதி, என்ன குரூப், கடைசியாக எப்போது கொடுத்தார் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்ட அன்றைக்குத்தான் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கூட்டம் முதல் வாரத்தில்தான். முதல் கீமோ முடிந்து கவுண்ட் ஏறி, நோய் அடங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு அப்புறம்தான் நோய் திரும்பாமல் இருக்க மூன்று, நான்கு சுற்று கீமோ இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கவுண்ட் இறங்கும், முடி கொட்டும், வாய்ப்புண் வரும். மூன்றாவது சுற்றில் பார்க்க வந்தவர்கள் மிகக் குறைவு. அப்போது அவள் சோர்ந்து போனதுபோல் முதல் மாதத்தில்கூட இருந்ததில்லை. நண்பர் கூட்டம் பெரிதாக இருந்தால் வாரங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆர்வமாக இருப்பவரைக் கடைசிச் சுற்றுக்கு ஒதுக்கி வையுங்கள்.

இரண்டு சுற்றுக்கு நடுவில் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ரூமில் தங்கியிருப்பார்கள். அந்த நாட்களுக்கு நான் கொடுத்தது ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது, நடு ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தெர்மாமீட்டரோடு, அந்தத் தெருவிலேயே இருக்கும் ஆட்டோ அண்ணன் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி நம்பர் வாங்கி, இரண்டு பேர் போனிலும் பதிந்து கொடுத்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை எப்போதும் தயாராக இருந்தது: டிஸ்சார்ஜ் சம்மரி, இன்சூரன்ஸ் பேப்பர் ஜெராக்ஸ், டிச் பட்டன் நைட்டி, சார்ஜர், மாஸ்க், கொஞ்சம் சில்லறை. இரண்டாவது சுற்று முடிந்த பிறகு ஒருநாள் ராத்திரி காய்ச்சல் வந்தது. ஆட்டோ அண்ணன் லுங்கியோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தது, அம்மா இட்லி வாங்கக் கேன்டீனுக்குப் போயிருந்தார்.